குறட்டை நின்றது, டெஸ்ட் வேறு சொன்னது

பல் கூசுகிறது என்று வந்தவர் அவர். வயது 47. ஆத்தங்குடிப் பக்கம் கல் பட்டறை வைத்திருக்கிறார். தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்தான். தானும் ஊற்றுவார், கூட நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, "வாயைத் திறங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்ப்பதற்குள் தூங்கிவிட்டார், திறந்த வாய் திறந்தபடி. பல் டாக்டர் நாற்காலியில் வியர்த்துக் கொட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உட்கார்ந்த அரை நிமிடத்தில் குறட்டை விட்டவரை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு இது புதிதில்லை. "இவுக எங்க உக்காந்தாலும் இப்படித்தான் டாக்டரம்மா. ராத்திரி குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாக, திடீர்னு சத்தம் நின்னு போயிரும். நான் எண்ண ஆரம்பிச்சுருவேன். முப்பது வரைக்கும் எண்ணியிருக்கேன். அப்புறம் பெருசா ஒரு இழுப்பு இழுத்து மூச்சு வரும்" என்றார்.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் நோய் இது, ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். மூச்சு 10 விநாடி நின்றாலே அது கணக்கில் சேரும். இந்த அக்கா முப்பது வரை எண்ணியிருக்கிறார்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகள் கேஸ் ஷீட்டில் இருக்கிறபடியே.

பரண்மேல் ஏறிய மெஷின்

விசாரித்தால், நோய் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டதுதான். ஒரு வருடம் முன்பு பட்டறையில் கல் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கண் அசந்திருக்கிறார். கண்ணாடிப் பலகையின்மேல் பூ அச்சை வைத்து, அதன் அறைகளில் ஒவ்வொரு நிறக் கரைசலையும் கரண்டியால் ஊற்றும் வேலை. கை நடுங்கினாலே நிறம் பக்கத்து அறைக்குப் போய்விடும். மஞ்சள் ஊற்ற வேண்டிய இடத்தில் சிவப்பு வழிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்காரப் பையன் அவரைத் தட்டி எழுப்பினானாம். அதற்கு அடுத்த மாதம் குன்றக்குடி ரோட்டில் பைக் ஓரத்து மண்ணில் இறங்கியது. அடி படவில்லை. பயந்துபோய் மதுரைக்குப் போனார்கள்.

அங்கே நுரையீரல் மருத்துவர் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். நெஞ்சில் பெல்ட், மூக்கில் குழாய், விரலில் கிளிப். மணிக்கு 26 தடவை மூச்சு நிற்கவோ, வெகுவாகக் குறையவோ செய்திருக்கிறது. 5 வரை சரி, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம் என்பது வழக்கமான கணக்கு. அவருடையது நடுத்தரத்தின் மேல்முனை. ரத்தத்தில் ஆக்சிஜன் 79 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. ஆனால் எனக்கு அந்த ரிப்போர்ட்டில் முக்கியமாகப் பட்டது வேறு ஒரு வரி. மல்லாந்து படுத்திருந்த நேரத்தில் மணிக்கு 41, ஒருக்களித்துப் படுத்த நேரத்தில் 9.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது சிபாப் மெஷின். மூக்கில் முகமூடி மாட்டி, அழுத்தமான காற்றை உள்ளே அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் ஏற்பாடு. சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவும் 1981இல் இதைப் பற்றி எழுதிய பிறகு, போகப்போக இந்த நோய்க்கு இதுதான் முதல் வைத்தியம் என்றாகிவிட்டது. இன்றைக்கும் அதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அது மூக்கில் இருந்தால்தானே வேலை செய்யும்? மெஷினுக்குள் பதிவாகியிருந்த கணக்கைப் பார்த்தேன். ஐந்து வாரத்தில் சராசரியாக இரவுக்கு 2 மணி 10 நிமிடம். பொதுவாகக் குறைந்தது 4 மணி நேரமாவது போட வேண்டும் என்பார்கள். இவருடைய பெரிய மீசையில் முகமூடி ஒட்டி உட்காரவில்லை, காற்று கண்ணுக்குள் அடித்தது. சித்திரை வெயிலில் கரண்ட் போனால் மெஷினும் நின்றது. "மூஞ்சில யாரோ கைய வச்சு அமுக்குற மாதிரி இருக்கு" என்றார். ஆறாவது வாரம் அது பரணுக்குப் போய்விட்டது.

முகமூடியின் மாடலை மாற்றிப் பார்த்திருக்கலாம், மீசைக்கு ஒத்துவரக்கூடியது உண்டு. ஒரு தடவை கேட்டும் பார்த்தேன். "அது மட்டும் வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

தாடையைப் பார்த்தேன்

ஆள் குண்டில்லை. 165 சென்டிமீட்டர் உயரம், 68 கிலோ, கழுத்துச் சுற்றளவு 38. குறட்டை என்றாலே தடித்த கழுத்தும் தொந்தியும் என்று நினைத்துக்கொள்கிறோம், இவரிடம் இரண்டும் இல்லை. பக்கவாட்டில் நின்று முகத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கீழ்த்தாடை உள்ளே தள்ளி இருந்தது. மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி. நாக்கு கீழ்த்தாடையோடு கட்டுப்பட்டது. தாடை பின்னால் இருந்தால் நாக்கின் அடியும் பின்னால்தான் இருக்கும். விழித்திருக்கும்போது தசைகள் இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் தசை தளர்கிறது, மல்லாந்து படுத்தால் எடையும் சேர்ந்துகொண்டு நாக்கு தொண்டைச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. வெற்றுப் பாக்கெட்டில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளுமே, அந்தக் கதைதான்.

தாடையை முன்னால் இழுத்துப் பிடித்தால் வழி திறக்கும் என்பது நேற்று வந்த யோசனை இல்லை. பிறவியிலேயே சின்னத் தாடையோடு, நாக்கு பின்னால் விழுந்து மூச்சுத் திணறும் குழந்தைகளுக்காக, பிரான்ஸில் பியர் ரொபேன் என்ற மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாய்க்குள் வைக்கும் கருவி செய்திருக்கிறார். பெரியவர்களின் மூச்சுத் தடைக்கு நாக்கை உறிஞ்சி முன்னால் பிடித்துக்கொள்ளும் கருவி 1982இல் வந்தது. பல்லே இல்லாதவர்களுக்கு இன்றும் அந்த வகையைத்தான் யோசிக்கிறோம். 2015இல் அமெரிக்காவின் தூக்க மருத்துவச் சங்கமும் பல் தூக்க மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், சிபாப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கோ அதை வேண்டாம் என்கிறவர்களுக்கோ வாய்க்கருவியைப் பரிந்துரைக்கிறது. அதில் மூன்று நிபந்தனைகள்: கருவி அவரவர் வாய்க்கு அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும், தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தும்படி இருக்க வேண்டும், போட்ட பிறகு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் நான் சறுக்கப் பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

குண்டில்லாத உடம்பு, உள்ளே தள்ளிய தாடை, மல்லாந்தால் மட்டும் மோசமாவது. மூன்றும் இந்தக் கருவிக்குச் சாதகமான குணங்கள். சரி, வாய் இடம் கொடுக்குமா?

எங்கள் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெற்றிலை பாக்கு. வருடக்கணக்காகப் பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் விறைத்து நாராகிப் போகும். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒன்றரை விரல்தான் போகும். அப்படிப்பட்டவருக்கு அளவெடுக்கவே தட்டு உள்ளே போகாது, அப்புறம் எங்கே தாடையை நகர்த்துவது? இவர் ஒரு நாளைக்கு ஆறேழு வெற்றிலை போடுகிறவர். பயந்துகொண்டே அளந்தேன். 44 மில்லிமீட்டர் திறந்தது. கன்னமும் மெத்தென்று இருந்தது. ஈறுதான் மோசம். சுண்ணாம்புக் கறையும் காரையும் ஏறி, பல் கழுத்து தெரிந்தது, கூச்சமும் அதனால்தான். 27 பல் இருந்தன, அசைவு எதிலும் இல்லை. இரண்டு தடவை சுத்தம் செய்து, ஒரு வேர்த்துண்டைப் பிடுங்கி, ஒரு சொத்தையை அடைத்து, ஈறு தேற ஒரு மாதம் விட்டேன். கருவி முழுக்கப் பல்லைத்தான் பிடித்து நிற்கிறது. ஆடுகிற பல்லில் மாட்டினால் நாமே பிடுங்கியதற்குச் சமம். வெற்றிலையை நிறுத்தச் சொன்னேன். குறைக்கிறேன் என்றார்.

ராத்திரி செட்டு

இந்த இடைவெளியில் அவர் மகன் ஆன்லைனில் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். வெந்நீரில் போட்டு, இளகியதும் கடித்தால் பல் அச்சு பதியும் ரகம். மூன்று நாள் போட்டிருக்கிறார். தடிமனாக இருந்ததால் உதடு மூடவில்லை, தூக்கத்தில் துப்பிவிட்டார். "இது வேலைக்காகாது போலயே டாக்டரம்மா" என்று என்னுடைய கருவியின்மேலும் நம்பிக்கை போன முகத்தோடு வந்தார். அதை மேசையில் வைத்து, நாங்கள் செய்யப்போவதன் மாதிரியையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

மேல் கீழ் இரண்டுக்கும் அளவெடுத்தேன். தாடையை முழுக்கப் பின்னால் இழுத்த இடத்திலிருந்து முழுக்க முன்னால் தள்ளும் இடம் வரை, கோடு போட்ட கவ்வியைக் கடிக்கவைத்து அளந்ததில் 10 மில்லிமீட்டர் வந்தது. 5க்குக் கீழே வந்திருந்தால் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். பாதியில், அதாவது 5 மில்லிமீட்டரில் கடி பதிவெடுத்து லேபுக்கு அனுப்பினேன். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, இரண்டு பக்கமும் திருகு வைத்த கம்பி. ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் தாடை முன்னால் போகும். வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், இரண்டு வார்த்தை பேசலாம். அவர் வைத்த பெயர் "ராத்திரி செட்டு". எங்கள் கிளினிக்கில் இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

முதல் வாரம் எச்சில் ஊறித் தலையணை நனைந்தது. இரண்டாவது வாரம் அடங்கியது. அவர் நன்றாகப் போட்டுக்கொள்கிறார் என்ற சந்தோஷத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். வாரத்துக்கு இரண்டு திருப்பு என்று வைத்திருந்ததை நாலாக்கினேன். அடுத்த வாரம் காதுக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு வந்தார். தாடை மூட்டில் வலி, வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தம். இரண்டு திருப்பு பின்னால் கொண்டுவந்து, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, பத்து நாள் அசைக்காமல் வைத்தேன். வலி போனது. என் அவசரம்தான் காரணம் என்று அவரிடமும் சொன்னேன்.

எட்டாவது வாரம் 6.5 மில்லிமீட்டரில் இருந்தோம். குறட்டை நின்றுவிட்டது.

மனைவியின் சாட்சியும் டெஸ்ட்டின் சாட்சியும்

குறட்டை குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றுவிட்டது. அந்த அக்கா சீப்புச்சீடையும் மாவுருண்டையும் ஒரு தூக்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "வீடே அமைதியா இருக்கு. பயமா இருக்குன்னு எந்திரிச்சுக்கூடப் பாத்தேன்" என்று சிரித்தார். பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. 1991இல் ஆஸ்திரேலியாவில் மர்ரே ஜான்ஸ் உருவாக்கியது, 24க்கு மதிப்பெண், 10க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இவருக்கு முதலில் 15 இருந்தது, இப்போது 9. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் எனக்கே தோன்றியது. மறுபடி டெஸ்ட் என்றதும் அவர் முகம் மாறியது.

"குறட்டைதான் நின்னு போச்சே டாக்டரம்மா, பெறகு எதுக்கு இன்னொரு தடவை மதுரைக்கு?"

கல்யாண மாதம், பட்டறையில் ஆர்டர் குவிந்துகிடந்தது. டெஸ்ட்டுக்குக் காசும் ஆகும். நியாயமான கேள்வி. எனக்கும் பாதி மனசு அவர் பக்கம்தான் இருந்தது. மதுரை மருத்துவரிடம் போனில் பேசியபோது அவர் ஒரே வரியில் முடித்தார்: ரிப்போர்ட் இல்லாமல் நான் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சரி என்று தள்ளி அனுப்பினோம்.

கருவியை வாயில் போட்டுக்கொண்டு எடுத்த டெஸ்ட்டில் மணிக்கு 17 வந்தது. மல்லாந்தபோது 27. குறைந்தபட்ச ஆக்சிஜன் 82.

26 எங்கே, 17 எங்கே, குறைந்திருக்கிறதே என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் 17 இன்னும் நடுத்தரம்தான். வீட்டு டெஸ்ட் மூளை அலையைப் பார்ப்பதில்லை. ஆள் விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே வர வாய்ப்பு. அதாவது, சத்தமில்லாமல் மணிக்கு 17 தடவை இவர் மூச்சுத் தடுமாறிக்கொண்டிருந்தார், நாங்கள் சீப்புச்சீடை தின்றுகொண்டிருந்தோம்.

இது ஏன் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு காகிதத்தை வாயருகே பிடித்து ஊதிக் காட்டினேன். காகிதம் படபடத்தது. குறட்டை என்பது இந்தப் படபடப்பு, உள்நாக்கும் அண்ணத்தின் பின்பக்கத்து மெத்தென்ற பகுதியும் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம். காகிதத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஊதினேன். சத்தம் இல்லை. தாடை முன்னால் போகும்போது நாக்கோடு சேர்ந்த தசைகள் அண்ணத்தையும் இழுத்து விறைப்பாக்குகின்றன, படபடப்பு முதலில் போய்விடுகிறது. நாக்கின் அடியில் வழி போதுமான அளவு திறந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அதற்குக் காது பதில் சொல்லாது. முழுக்க அடைத்துக்கொண்ட தொண்டையிலும் சத்தம் வராது. அந்த அக்கா இத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்ததே அந்த அமைதியைத்தான்.

அவர் காகிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை ஊதிப் பார்த்தார். "அப்ப இன்னும் திருகணும்" என்றார்.

இந்த முறை அவசரப்படவில்லை. வாரத்துக்கு ஒரு திருப்பு. மூட்டில் லேசாக உறுத்தினால் அந்த வாரம் விடுமுறை. ஒரு பழைய பனியனின் முதுகில் பை தைத்து, அதில் டென்னிஸ் பந்தைப் போட்டு, மல்லாந்தால் குத்துகிற மாதிரி ஒன்றை அந்த அக்காவே செய்துகொடுத்தார். டென்னிஸ் பந்தைவிடத் துணிப்பந்து நல்லது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பியதில் மூக்கில் ஒவ்வாமை வீக்கம் இருந்தது. பகலெல்லாம் சிமெண்ட் தூசியில் நிற்கிறவருக்கு அது ஆச்சரியமில்லை. மருந்து தெளித்துக்கொள்ளவும் பட்டறையில் முகக்கவசம் போடவும் சொன்னார்கள். மூக்கு அடைத்தால் வாய் வழியாக மூச்சு, வாய் திறந்தால் தாடை பின்னால் விழும். கருவி ஒரு பக்கம் இழுக்க, மூக்கு இன்னொரு பக்கம் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

ஆவணியில், 8 மில்லிமீட்டரில், கருவியோடு இரண்டாவது டெஸ்ட். மணிக்கு 7. மல்லாந்தால் 11. குறைந்தபட்ச ஆக்சிஜன் 87. எப்வொர்த் 6. முழுக்கச் சரியாகவில்லை, லேசான நோய் மிச்சமிருக்கிறது. மதுரை மருத்துவர் இதற்கு ஒப்புக்கொண்டார். அவர் முன்பிருந்தே போட்டுவரும் ரத்தக்கொதிப்பு மாத்திரை அப்படியே தொடர்கிறது. கருவியால் அது நிற்கும் என்று நான் சொல்லவும் இல்லை.

எண்ணிக்கையைக் குறைப்பதில் சிபாப்பை இது மிஞ்சாது. 2013இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் ஒரே நோயாளிகள் ஒரு மாதம் சிபாப், ஒரு மாதம் தாடைக்கருவி என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். சிபாப்பில் மணிக்கு 4.5, கருவியில் 11.1. ஆனால் சிபாப் போட்டது இரவுக்கு 5.2 மணி நேரம், கருவி போட்டது 6.5. ரத்த அழுத்தம் போன்றவற்றில் கடைசிக் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. எங்கள் ஆள் மெஷினை இரண்டு மணி நேரம் போட்டார், ராத்திரி செட்டை ஆறு ஏழு மணி நேரம் போடுகிறார். அவரவர் சுபாவம்தான் இதில் பாதி மருந்து என்பது என் அபிப்பிராயம். மணிக்கு 50, 60 என்று இருக்கிறவர் இதைப் படித்துவிட்டு மெஷினைப் பரணில் ஏற்றக் கூடாது. அவருக்கு நான் முதலில் மெஷினோடு மல்லுக்கட்டத்தான் சொல்வேன்.

காலையில் முறுக்கு கடிக்க முடியாது

பக்க விளைவு இல்லாமல் இல்லை. காலையில் கருவியைக் கழற்றியதும் தாடை முன்னாலேயே நின்றுவிடும், கடைவாய்ப்பல் சேராது. இவருக்கு முதல் சில மாதம் அரைமணி நேரத்துக்கு எதையும் கடிக்க முடியவில்லை. பட்டறைக்குக் கிளம்பும் முன் டீயோடு மகிழம்பூ முறுக்கு தின்கிற வழக்கம். அது வாயிலேயே ஊறிக் கரைய வேண்டியிருந்தது. மெல்லிய ஒரு கடிபலகை செய்துகொடுத்து, கழற்றியதும் பத்து நிமிடம் கடித்துப் பழைய இடத்துக்குத் தாடையைக் கொண்டுவரச் சொன்னேன். கடிபலகை தொலைந்தால் பின்பற்களால் இறுக்கிக் கடித்துக்கொள்வாராம். அதுவும் பரவாயில்லை.

வருடக்கணக்கில் போட்டால் பற்களே கொஞ்சம் நகரும். மேல்பல் உள்ளேயும் கீழ்ப்பல் வெளியேயும் சாயும். இது எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டிய விஷயம். ஒரு வருடத்தில் இவருடைய 6 மில்லிமீட்டர் இடைவெளி 5.5 ஆகியிருக்கிறது. ஏற்கெனவே பல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தவர் என்பதால் அவருக்கு இது லாபம் மாதிரிதான். சரியாகக் கடிக்கும் வாய் உள்ளவருக்கு அப்படி இருக்காது.

ஒரு தடவை செட்டை வெந்நீரில் கழுவி, கீழ்த் தட்டு ஒரு பக்கம் வளைந்துவிட்டது. லேபுக்குத் திருப்பி அனுப்பினோம். பன்னிரண்டு நாள் கருவி இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் மகன்தான் பைக் ஓட்டினான் என்று அந்த அக்கா சொன்னார். அவர் எண்ணவும் ஆரம்பித்திருக்கிறார். அதிகபட்சம் இருபத்திரண்டு.

போன மாதம் வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தார். நாற்காலியில் சாய்த்தேன், தூங்கவில்லை. மூட்டில் வலியில்லை, ஈறில் ரத்தமில்லை, திருகு இறுக்கமாக இருக்கிறது. மேல் தட்டின் இடது ஓரத்தில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு கறை. வெற்றிலை எத்தனை என்று கேட்டேன். வாரத்துக்கு ஒன்றுதான் என்றார். மனைவி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஆறு மாதம் கழித்து வர வேண்டிய தேதியை மூன்று மாதமாக்கி எழுதிக் கொடுத்தேன்.